மோட்டார் வண்டியின் கிளச்சு: பழுதறிதலும் புதுப்பித்தலும்

மோட்டார் வண்டியைச் செலுத்துவோர் பலர். அதன் உறுப்புக்களின் தொழிலை அறிந்தோர் சிலர். இஞ்சினுக்குப் பெட்ரோல் வேண்டும், ரேடியேட்டருக்குத் தண்ணீர் வேண்டும், சக்கரத்திற்குக் காற்று வேண்டும் என்னும் அளவில் நம்மிற் பெரும்பாலாரது அறிவு நின்றுவிடுகின்றது. வண்டி பழுதுற்றபோது அதனைப் பட்டறையில் விட்டு, அங்குள்ள தொழிலாளி கூறுவதை முற்றும் நம்பியோ, முற்றும் ஐயுற்றோ, கேட்ட கூலியைக் கொடுத்து மீள்கின்றோம். கண்ணாற் காணக்கூடிய விளக்கோ கதவோ பழுதாயின் ஐயத்திற்கு இடமில்லை. ஆனால், இஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையே ஒரு வார்ப்புக் கூட்டினுள் மறைந்து கிடக்கும் கிளச்சின் நிலை அவ்வாறன்று. அதனைக் காணவேண்டுமாயின் கியர்ப்பெட்டியையே கழற்றி இறக்க வேண்டும். அவ்வாறு கழற்றிப் பூட்டுவதற்கு ஆகும் உழைப்போ, உள்ளே மாற்றும் உறுப்புக்கள் சிலவற்றின் விலையினும் பன்மடங்காகும். ஆதலின் எதனை மாற்றுவது, எதனை அப்படியே விடுவது என்னும் தீர்ப்பு இங்கே பிழைபடின், வண்டிக்கு உடையவர்க்குப் பொருட்கேடும் தொழிலாளிக்குப் பழியும் ஒருங்கே விளையும். ஆகவே கிளச்சும், அதனைச் சார்ந்த பிளைவீலும், அவற்றின் நடுவே உள்ள சிறு பேரிங்கும் எவ்வாறு தொழில் புரிகின்றன, எக்குறிகளால் அவற்றின் பழுதை அறியலாம், எம்முறையில் அவற்றைப் புதுப்பிக்கின்றனர் என்பவற்றை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றேன்.

விளக்கத்தின்பொருட்டு நாம் எடுத்துக்கொள்வது, இஞ்சின் முன்புறத்தும் ஓட்டும் சக்கரங்கள் பின்புறத்துமாக அமைந்த வண்டி. நம் நாட்டுச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசிடர் இவ்வகையைச் சேர்ந்தது. இங்கிலாந்து தேசத்து மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை அடியொற்றி, மேற்கு வங்காளத்திலுள்ள உத்தரபாராவில் அது செய்யப்பட்டு வந்து, 2014-ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. இவ்வமைப்பை அறிந்தவர்க்கு, முன்சக்கரங்களை ஓட்டும் இக்காலத்துச் சிறு வண்டிகளின் அமைப்பும் எளிதில் விளங்கும். ஆயினும், அவற்றுட் பலவற்றில் பின்னர்க் கூறப்படும் நடுப்பேரிங்கு இல்லை என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

பிளைவீல்

நான்கு சிலிண்டர்களையுடைய இஞ்சினில், கிராங்குத் தண்டு இருமுறை சுற்றுவதற்குள் நான்கு வெடிப்புக்கள் நிகழ்கின்றன. அஃதாவது அரைச் சுற்றுக்கு ஒன்று. வெடிப்பு நிகழும் கணத்தில் தண்டு வேகமாக உந்தப்படுகின்றது. அடுத்த வெடிப்பு வருமுன் தளர்கின்றது. இவ்வாறு உந்தியும் தளர்ந்தும் வரும் ஆற்றலை அப்படியே சக்கரங்களுக்கு அனுப்பினால் வண்டி ஓடாது, உதறும். இக்குறையை நீக்கத் தண்டின் பின்முனையில் கனத்த இரும்புச் சக்கரம் ஒன்றைப் போல்ட்டுக்களால் இறுக்கியிருக்கின்றனர். அதுவே பிளைவீல்.

இதன் தத்துவம் நமக்குப் புதியதன்று. குயவர் தமது சக்கரத்தைக் கோலாற் சில முறை சுழற்றிவிட்டுக் கோலை வைத்துவிடுகின்றார். அதன்பின்னும் சக்கரம் தன் கனத்தால் நெடுநேரம் சுழன்றுகொண்டேயிருக்க, அவர் கை பானையை வனைகின்றது. கோலின் தள்ளுதல் விட்டு விட்டு வந்தாலும், சக்கரத்தின் சுழற்சி விடாது நிற்கின்றது. அங்கே கோல் செய்யும் தொழிலை இங்கே வெடிப்புச் செய்கின்றது. மிகுந்தபோது ஆற்றலை ஏற்று வைத்து, குறைந்தபோது அதனைக் கொடுத்து உதவுவது பிளைவீலின் முதற்றொழில். அதன் விளிம்பைச் சுற்றிலும் பற்களையுடைய வளையமொன்று பூட்டப்பட்டிருக்கின்றது. ஸ்டார்ட்டர் மோட்டார் அப்பற்களைப் பற்றியே இஞ்சினை முதலிற் சுழற்றுகின்றது. இது இரண்டாந் தொழில். மூன்றாவது, அதன் பின்முகம் கண்ணாடிபோற் சமமாகக் கடையப்பட்டிருக்கின்றது. அம்முகத்தின்மீதே கிளச்சு வந்து பற்றுகின்றது.

கிளச்சு

நீராவி இஞ்சின் நிற்கும் நிலையிலிருந்தே முழுப்பளுவையும் இழுக்கவல்லது. பெட்ரோல் இஞ்சினோ நிமிஷத்திற்குச் சில நூறு முறையேனும் சுழன்றாலன்றி உயிர்த்திராது. வண்டி நிற்கின்றது, இஞ்சின் சுழல்கின்றது. இவ்விரண்டையும் திடீரென்று இணைத்தால், ஒன்று இஞ்சின் நின்றுவிடும், அன்றேல் வண்டி தாவிக் குதிக்கும். ஓடும் மாட்டுவண்டியில் ஏற விரும்புபவன் நின்ற இடத்திலிருந்தே பாய்ந்தால் விழுவான். சற்றுத் தூரம் அதனுடன் ஓடி, அதன் வேகத்தைத் தானும் அடைந்தபின் ஏறினால் துன்பமில்லை. இஞ்சினும் வண்டியும் அவ்வாறு சிறிது நேரம் உராய்ந்து ஓடி ஒரே வேகத்தை அடையுமாறு செய்யும் கருவியே கிளச்சு.

இத்தேவையை மோட்டார் வண்டி தோன்றிய நாளிலேயே உணர்ந்தனர். ஜெர்மனி தேசத்துக் கார்ல் பென்ஸ் 1886-ஆம் ஆண்டில் உரிமைப் பத்திரம் பெற்ற மூன்று சக்கர வண்டியில், தோல்வாரொன்றை வெறுமனே சுழலும் கப்பியினின்று இறுகிய கப்பிக்குத் தள்ளி வண்டியைக் கிளப்பினர். பின்னர்க் கூம்பு வடிவமாய்த் தோல் போர்த்திய கிளச்சுக்கள் வந்தன. அவை திடீரெனப் பற்றும் இயல்பினவாதலின், நாளடைவில் ஒற்றைத் தகடு கொண்ட உலர்ந்த கிளச்சு அவற்றை வென்று நிலைபெற்றது. இன்றும் கையாற் கியர் மாற்றும் கார்களிற் பெரும்பாலானவற்றில் இருப்பது இதுவே.

அதன் உறுப்புக்கள் மூன்று. முதலாவது, கிளச்சுப் பிளேட்டு என்னும் வட்டத் தகடு. இதன் இரு முகங்களிலும் லைனிங்கு என்னும் உராய்வுப் பொருள் ஆணிகளால் தைக்கப்பட்டிருக்கின்றது. இதன் நடுத்துளையிலுள்ள பள்ளங்கள் கியர்ப்பெட்டியின் முன்தண்டிலுள்ள மேடுகளோடு பொருந்துவதால், தகடு தண்டின்மீது முன்னும் பின்னும் நகரலாம். ஆனால் தண்டினைச் சுழற்றாது தான்மட்டும் சுழல இயலாது. இரண்டாவது, பிளைவீலின்மீது போல்ட்டுக்களால் இறுக்கப்படும் பிரஷர் பிளேட்டு. இது தன் சுருள் வில்லின் வலியால் கிளச்சுப் பிளேட்டைப் பிளைவீலின் முகத்தோடு சேர்த்து நெருக்குகின்றது. இரண்டு உள்ளங்கைகளுக்கிடையே ஒரு காகிதத்தை வைத்து நெருக்குவதை ஒக்கும். பழைய வண்டிகளிற் பல சுருள் விற்கள் இருந்தன. பின்னாளில் வந்தவற்றில், பல விரல்களாகக் கீறப்பட்ட ஒரே தட்டை வில் அத்தொழிலைச் செய்கின்றது. மூன்றாவது ரிலீஸ் பேரிங்கு. கிளச்சு மிதியை நாம் அழுத்தும்போது ஒரு கவை இப்பேரிங்கை முன்னே தள்ள, அது சுழன்றுகொண்டிருக்கும் வில்லின் விரல்களை அழுத்தி, நெருக்குதலை நீக்குகின்றது. பழைய இங்கிலாந்து வண்டிகள் பலவற்றில் இதற்குக் குண்டுகள் இல்லை. கிராபைட்டு என்னும் கரியாலாகிய வளையமே உராய்ந்து தொழில் செய்தது.

இவ்வளவு சிறிய தகடு இஞ்சினின் முழு ஆற்றலையும் நழுவாது கடத்துவது எவ்வாறு என்று ஐயுறலாம். ஓர் உதாரணக் கணக்கால் அதனை விளக்குவோம். வில்லின் நெருக்குவிசை 4000 நியூட்டன் என்றும், லைனிங்கின் உராய்வு எண் 0.3 என்றும், உராயும் வளையத்தின் நடு ஆரம் 9 சென்டிமீட்டர் என்றும் கொள்வோம். ஒரு முகம் தாங்கும் முறுக்குவிசை 108 நியூட்டன் மீட்டர். இரு முகங்களும் சேர்ந்து 216. இஞ்சின் தருவது 130 ஆயின், கிளச்சுக்கு வேண்டிய மிச்சவலி இருக்கின்றது. இப்பொழுது அத்தகட்டின்மேல் எண்ணெய் கசிந்து, உராய்வு எண் 0.1 ஆகக் குறைந்ததென்று கொள்வோம். தாங்கும் வலி 72 ஆகிவிடும். கிளச்சு நழுவத் தொடங்கும். வில்லும் தகடும் புதியனவாயினும் ஒரு சிறு எண்ணெய்க் கசிவு அனைத்தையும் வீணாக்கும் என்பது இக்கணக்கால் விளங்கும்.

நடுப்பேரிங்கு

இனி, பலரும் மறக்கும் ஒரு சிற்றுறுப்பைக் கூறுவோம். கியர்ப்பெட்டியின் முன்தண்டு பெட்டியினுள் ஒரு பேரிங்கில் தங்கி, முன்னே நீண்டு, கிளச்சுப் பிளேட்டை ஊடுருவிச் செல்கின்றது. அதன் நுனி தாங்குவாரின்றி நின்றால், சுழலும்போது ஆடும்; ஆடினால் தகடு கோணும், கிளச்சு செவ்வையாக விடாது, கியர்ப்பெட்டியின் பேரிங்கும் தேயும். ஆதலின் அந்நுனி, பிளைவீலின் நடுவிலோ கிராங்குத் தண்டின் கடைமுனையிலோ பதிக்கப்பட்ட ஒரு சிறு பேரிங்கினுள் நுழைந்து தங்குகின்றது. பட்டறைகளில் இதனைப் பைலட் பேரிங்கு என்பர். திரிகையின் கீழ்க்கல்லில் நடப்பட்ட முளை எவ்வாறு மேற்கல்லை நடுவிற் பிடித்து நிறுத்துகின்றதோ, அவ்வாறே இதுவும் இரண்டு தண்டுகளை ஒரே நேர்கோட்டில் நிறுத்துகின்றது. முளை தேய்ந்த திரிகையில் மாவு ஒருசீராக விழுவதில்லை என்பதை நம் தாய்மார் அறிவர்.

சில வண்டிகளில் இது பால் பேரிங்கு. சிலவற்றில் வெண்கலத்தாலாகிய சிறு புஷ். அவ்வெண்கலம் உருக்கி வார்த்ததன்று. தூளை அழுத்திச் சூடேற்றிச் செய்தது. ஆகையால் அதனுள் கண்ணுக்குப் புலனாகாத நுண்டுளைகள் பல உள. அவை எண்ணெயை உறிஞ்சி வைத்திருந்து, உராயும்போது சிறிது சிறிதாகக் கசியவிடுகின்றன. புதிய புஷ்ஷைப் பதிக்குமுன் ஒரு நாள் எண்ணெயில் ஊறவைப்பது இதன்பொருட்டே.

இப்பேரிங்கின் தொழிலில் ஒரு விந்தை உண்டு. வண்டி ஓடும்போது கிராங்குத் தண்டும் கியர்த் தண்டும் ஒரே வேகத்திற் சுழல்கின்றன. ஆகவே பேரிங்கினுள் உராய்வு சிறிதும் இல்லை. கியரிற் போட்டு, மிதியை அழுத்தி, வண்டியை நிறுத்தி வைத்திருக்கும்போதுமட்டும் கிராங்குத் தண்டு சுழல, கியர்த் தண்டு நிற்கின்றது. அப்பொழுதே அது தேய்கின்றது. சாலை விளக்கின் முன்னும் ரெயில்வே கேட்டின் முன்னும் மிதியை அழுத்தியபடியே நெடுநேரம் காத்திருப்பவர் இச்சிறு பேரிங்கையும் ரிலீஸ் பேரிங்கையும் வீணே தேய்க்கின்றனர். நியூட்ரலில் வைத்துக் காலை எடுத்துவிடுதலே நன்று.

பழுதின் குறிகள்

கூட்டைத் திறவாமலே உள்ளிருக்கும் பழுதைப் பெரிதும் செவியால் அறியலாம். இதனை அறிந்திருத்தல் வண்டிக்கு உடையவர்க்கும் தொழிலாளிக்கும் ஒப்பப் பயன்படும். வண்டியை நிறுத்தி, இஞ்சினை ஓடவிட்டு, மூன்று சோதனைகள் செய்க.

முதலாவது, நியூட்ரலில், மிதியைத் தொடாமற் கேட்க. அப்பொழுது எழும் இரைச்சல் மிதியை அழுத்தியவுடன் மெல்ல அடங்குமாயின், பழுது பெரும்பாலும் கியர்ப்பெட்டியின் முன்தண்டுப் பேரிங்கில் உள்ளது. ஏனெனில் மிதியை அழுத்தினால் அத்தண்டு நின்றுவிடுகின்றது. இரண்டாவது, மிதியை மெல்ல அழுத்துக. பளு தட்டும் அந்நொடியிலேயே கீச்சென்றோ கரகரவென்றோ ஒலி பிறந்தால், அது ரிலீஸ் பேரிங்கின் குரல். மூன்றாவது, மிதியை முழுதும் அழுத்தி, முதற் கியரிற் போட்டு, மிதியை விடாது கேட்க. முன் இல்லாத ஒலி அப்பொழுதுமட்டும் எழுமாயின் நடுப்பேரிங்கை ஐயுறவேண்டும். மிதியில் கால் இருக்கும்வரை கைப்பிரேக்கு இறுக்கமாக இருத்தல் அவசியம் என்று சொல்லவேண்டுவதில்லை.

இவ்வேறுபாட்டை அறியாதவர், சிறு விலைப் பேரிங்கு செய்யும் ஒலியைக் கேட்டுக் கியர்ப்பெட்டியே போயிற்றென்று கலங்குவதும், பெருந்தொகை கொடுத்து அதனைப் பிரித்துப் பார்ப்பதும் உண்டு. அதற்கு மறுதலையாக, கிளச்சை மட்டும் மாற்றிய தொழிலாளியை, கியர்ப்பெட்டியின் பழைய ஒலிக்காகக் குறைகூறுவதும் உண்டு.

ஒலியன்றி வேறு குறிகளும் உள. மேட்டில் உயர்ந்த கியரில் ஏறும்போது, ஆக்ஸிலரேட்டரை அழுத்த இஞ்சினின் சுழற்சி மிகுந்தும் வண்டியின் வேகம் மிகாதிருப்பின், கிளச்சு நழுவுகின்றது; லைனிங்கு தேய்ந்திருக்கலாம், எண்ணெய் பட்டிருக்கலாம், வில் தளர்ந்திருக்கலாம். மிதியை முழுதும் அழுத்தியும் பின்கியர் பற்களைக் கடித்தே விழுமாயின், கிளச்சு முற்றும் விடவில்லை. தகடு கோணியிருக்கலாம், நடுப்பேரிங்கு இறுகிச் சிக்கியிருக்கலாம், மிதியின் எண்ணெய்க் குழாயிற் காற்றுப் புகுந்திருக்கலாம். இவற்றுட் காற்றை வெளியேற்றுதல் கூட்டைத் திறவாமலே செய்யத்தக்கது. ஆதலின் அதனை முதலிற் செய்து பார்ப்பதே முறை. வண்டி புறப்படும்போது உடல் முழுதும் அதிருமாயின், பிளைவீலின் முகம் சூட்டினால் ஆங்காங்கே இறுகியிருத்தல் கூடும். இஞ்சினைத் தாங்கும் ரப்பர்க் கட்டைகள் நைந்திருப்பினும் இவ்வாறே அதிரும்.

கழற்றுதல்

வேலையைத் தொடங்குமுன் வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பாட்டரியின் கம்பியை நீக்குவர். வண்டியை உயர்த்தியபின் அதனை உறுதியான ஸ்டாண்டுகளின்மேல் இருத்தவேண்டும். ஜாக்கி உயர்த்துவதற்கேயன்றித் தாங்குவதற்கன்று. ஜாக்கியொன்றையே நம்பி வண்டியின் கீழ்ப் புகுந்து உயிரிழந்தோர் பலர். கியர்ப்பெட்டி மார்பின்மேல் இறங்கக்கூடிய இவ்வேலையில் அவசரம் சிறிதும் ஆகாது.

பின்னர்ப் பின்னச்சுக்குச் செல்லும் நீண்ட தண்டைக் கழற்றுவர். கழற்றுமுன் அதன் இணைப்பில் ஒரு கோடு கிழித்து வைத்தால், பூட்டும்போது முன்னிருந்தவாறே பொருத்தலாம். கியர்க் கம்பிகள், வேகங்காட்டும் கம்பி, கிளச்சு மிதியின் எண்ணெய்ச் சிலிண்டர் முதலியவற்றை நீக்கி, இஞ்சினின் கீழ் மரக்கட்டையுடன் ஒரு ஜாக்கியும், கியர்ப்பெட்டியின் கீழ் மற்றொன்றும் நிறுத்தி, கூட்டின் போல்ட்டுக்களை எடுத்துப் பெட்டியை நேராகப் பின்னோக்கி இழுப்பர். தண்டு தகட்டினின்று முற்றும் விடுபடும்வரை பெட்டியைத் தொங்கவிடலாகாது. அதன் கனம் தகட்டின் நடுவைக் கோணச் செய்துவிடும்.

பிரஷர் பிளேட்டின் போல்ட்டுக்களை ஒரேயடியாக ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தல் தவறு. எதிரெதிரான போல்ட்டுக்களைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, வில்லின் வலியை ஒருசீராகத் தணிக்க வேண்டும். அன்றேல் அதன் கூடு வளைந்துபோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கூட்டினுள் கரிய தூள் நிறைந்திருக்கும். அது தேய்ந்த லைனிங்கின் தூள். பழைய லைனிங்குகள் கல்நாராற் செய்யப்பட்டவை. கல்நாரின் நுண்ணிழை நுரையீரலிற் புகுந்தால் பல்லாண்டுகள் கழித்துப் புற்றுநோயை விளைவிக்கும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அதன் பயன் 2005-இல் முற்றும் விலக்கப்பட்டது. ஆயினும் பழைய வண்டிக்குள் எது இருக்கின்றதென்று பார்த்த மாத்திரத்திற் கூறவியலாது. ஆதலின் அத்தூளைக் காற்றுக்குழாயால் ஊதுதலும், உலர்ந்த துணியால் தட்டுதலும் கூடா. மூக்கையும் வாயையும் தக்க முகமூடியால் மறைத்து, ஈரத்துணியாற் துடைத்து, அத்துணியை உறையிலிட்டு மூடி அகற்றவேண்டும். ஒரு வண்டியைத் திறக்கும் நாம் ஒருமுறை அஞ்சினாற் போதும். நாள்தோறும் திறக்கும் தொழிலாளியின் மூச்சே இங்கு ஆபத்திலிருக்கின்றது. அவருக்கு முகமூடி வாங்கிக் கொடுத்தல் பட்டறைக்கு உடையவரின் கடமை.

ஆராய்தலும் மாற்றுதலும்

கழற்றிய தகட்டில் லைனிங்கின் மேற்பரப்பிலிருந்து ஆணித்தலை எவ்வளவு ஆழத்தில் இருக்கின்றதென்று பார்க்க. ஆணித்தலை பரப்பை எட்டிவிட்டால் அது பிளைவீலைக் கீறும். தகட்டின் நடுவிலுள்ள சிறு சுருள் விற்கள் தளர்ந்து கலகலத்தாலும் அத்தகடு ஆகாது. எண்ணெய் பட்டிருப்பின், எங்கிருந்து வந்ததென்று காணாமல் புதிய தகட்டைப் பூட்டுதல் ஓட்டைப் பானையில் நீர் நிறைப்பதே. கிராங்குத் தண்டின் பின்சீலிலிருந்தாயின் அது இஞ்சின் எண்ணெய். கியர்ப்பெட்டியின் முன்சீலிலிருந்தாயின் கியர் எண்ணெய். இரண்டையும் மணத்தாலும் தடிப்பாலும் பெரும்பாலும் வேறு பிரித்தறியலாம்.

பிளைவீலின் முகத்தில் நீலம் பாய்ந்த திட்டுக்கள், மயிரிழைபோன்ற வெடிப்புக்கள், ஆழ்ந்த கீறல்கள் உளவா என நோக்குக. சிறுகுறையாயின் கடைசலிற் கொடுத்துச் சமன்செய்யலாம். ஆழ்ந்த வெடிப்பாயின் மாற்றவே வேண்டும். வேகமாகச் சுழலும் கனத்த சக்கரம் பிளந்தால் அதன் துண்டுகள் குண்டுபோற் பாயும். 1980-களின் நடுவிலிருந்து சில வண்டிகளில் வந்துள்ள இரட்டைப் பிளைவீல், இரண்டு சக்கரங்களும் இடையே விற்களும் கொண்டது; அதனை மற்றவைபோற் கடைதல் ஏலாது. பிளைவீலைக் கழற்றினால் முன்னிருந்த நிலையைக் குறித்துவைத்து, போல்ட்டுக்களை வண்டியின் கையேடு கூறும் முறுக்கு அளவிலேயே இறுக்கவேண்டும். ஒருமுறையே பயன்படுத்தற்குரியனவாகச் சில வண்டிகளில் வரும் போல்ட்டுக்களை மீண்டும் இடுதல் கூடாது.

நடுப்பேரிங்கைக் கழற்றுதல் ஒரு சுவையான வேலை. அது குழியினுள் இறுகப் பதிந்திருப்பதால் பின்னாலிருந்து தட்ட வழியில்லை. அதற்கென்று கொக்கிக் கருவிகள் உள. அவை இல்லாதவிடத்து, புஷ்ஷின் துளையிலும் அதன் பின்னுள்ள வெற்றிடத்திலும் கிரீஸை நிறைத்து, துளைக்குச் சரியாகப் பொருந்தும் இரும்புத் தண்டை நுழைத்துச் சுத்தியால் அடிப்பர். கிரீஸ் சுருங்காது; போக இடமுமில்லை. அடியின் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவி, புஷ்ஷைப் பின்னிருந்து வெளியே தள்ளிவிடுகின்றது. பாஸ்கல் என்னும் பிரெஞ்சுப் பேரறிஞர் பதினேழாம் நூற்றாண்டில் விளக்கிய விதி, பாடசாலையையே காணாத பட்டறைச் சிறுவன் கையில் நாள்தோறும் மெய்ப்பிக்கப்படுகின்றது. கிரீஸ் தெறிக்குமாதலின் கண்ணுக்குக் காப்பு வேண்டும். புதிய புஷ்ஷை அடிக்கும்போது அதன் துளை நசுங்காதவாறு, பொருத்தமான உருளையை வைத்து நேராக அடித்தல் வேண்டும்.

ரிலீஸ் பேரிங்கைக் கையாற் சுழற்றிப் பார்க்க, கரகரப்பு இருந்தால் அது கழிக்கத்தக்கது. அதனைப் பெட்ரோலில் முக்கிக் கழுவுதல் பெரும்பிழை. உள்ளே நிரந்தரமாக அடைக்கப்பட்ட கிரீஸ் கரைந்துபோம்.

இங்கேதான் முதலிற் கூறிய தீர்ப்பு வருகின்றது. தகடு தேய்ந்தது, பிரஷர் பிளேட்டும் இரண்டு பேரிங்குகளும் இன்னும் ஓடக்கூடும். அவற்றை மாற்ற வேண்டுமா? தனித்தனியே நோக்கின் வேண்டா என்றே தோன்றும். ஆனால் பேரிங்கு ஆறு மாதம் கழித்துப் பழுதானால், மீண்டும் தண்டைக் கழற்றி, பெட்டியை இறக்கி, அதே கூலியை இரண்டாம் முறை கொடுக்கவேண்டும். மாற்றாது விட்ட பொருளின் விலை சிறிது. மாற்றாமையின் விலை பெரிது. ஆகவே கூட்டைத் திறந்தபோது தகடு, பிரஷர் பிளேட்டு, ரிலீஸ் பேரிங்கு, நடுப்பேரிங்கு ஆகிய நான்கையும் ஒருங்கே மாற்றுதல் சிக்கனமேயன்றி வீண்செலவன்று. அங்ஙனமாயினும், பிளைவீலையும் கியர்ப்பெட்டியையும் காரணமின்றி மாற்றச் சொல்வது இக்கணக்கில் அடங்காது; அவற்றிற்குக் கண்கூடான குறை காட்டப்படவேண்டும்.

பூட்டுதல்

பிளைவீலின் முகத்தையும் புதிய பிரஷர் பிளேட்டின் முகத்தையும் எண்ணெய்ப் பசையறத் துடைத்து, அதன்பின் கைபடாமற் காக்க. தகட்டின் எப்புறம் பிளைவீலை நோக்கவேண்டுமென்று அதன்மேலேயே பொறித்திருப்பர். மாற்றிப் பூட்டினால் நடுக்கூடு பிளைவீலில் இடிக்கும். தகட்டின் துளையும் நடுப்பேரிங்கின் துளையும் ஒரே நேர்கோட்டில் நிற்குமாறு, பழைய முன்தண்டையோ, அவ்வளவில் கடைந்த மரக்கோலையோ இரண்டினுள்ளும் நுழைத்து வைத்து, பிரஷர் பிளேட்டின் போல்ட்டுக்களை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குவர். இறுகியபின் கோலை உருவினால் தகடு தன் இடத்தில் நிற்கும். இந்நேர்மை தவறினால் எத்துணை வலியவர் முயன்றாலும் கியர்ப்பெட்டி உள்ளே செல்லாது.

தண்டின் மேடுகளில் மிகச் சிறிதளவே கிரீஸ் தடவுக. மிகுந்தால் சுழற்சியில் தெறித்து லைனிங்கிற் படியும். பின்னர்ப் பெட்டியை நேராக உயர்த்தி, தண்டைச் சிறிது திருப்பிக்கொண்டே முன்னே தள்ளினால் பள்ளமும் மேடும் பொருந்தி உட்செல்லும். இடைவெளி இருக்கும்போதே போல்ட்டுக்களால் இழுத்துச் சேர்க்க முயல்பவர் புதிய தகட்டையோ வார்ப்புக் கூட்டையோ உடைப்பர். யாவும் பூட்டி, எண்ணெய் ஊற்றி, காற்றை வெளியேற்றி, மிதியின் அளவைக் கையேட்டின்படி அமைத்தபின், மேற்கூறிய மூன்று சோதனைகளையும் மீண்டும் செய்து பார்க்கவேண்டும். புதிய லைனிங்கு முகத்தோடு முகம் படிந்து பொருந்துமாறு, முதற் சில நூறு கிலோமீட்டர் தூரம் கடும்பளுவின்றி ஓட்டுதல் நலம். மிதியின்மேற் காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கமுள்ளவர் அதனை விட்டொழித்தாலன்றி, இவ்வளவு உழைப்பும் விரைவிற் பயனற்றுப்போம்.

அன்பர்களே, இதனை வாசித்ததனால் நாம் யாவரும் கிளச்சு மாற்ற வல்லவராகிவிட மாட்டோம். அதற்குக் கைப்பழக்கமும் ஆசான் ஒருவரும் வேண்டும். ஆயினும் பட்டறைக்குச் செல்லும்போது, எந்நேரத்தில் எவ்வொலி எழுகின்றதென்று தெளிவாக உரைக்கலாம். கழற்றிய பழைய உறுப்புக்களைக் காட்டுமாறு வேண்டி, ஆணித்தலையையும் எண்ணெய்க் கறையையும் நாமே காணலாம். நேர்மையான தொழிலாளி அதனை விரும்பிக் காட்டுவார்; தம் வேலையை உணர்ந்து பார்ப்பவர் ஒருவர் வந்தாரென்று மகிழவுஞ் செய்வார். நான்கு உறுப்பையும் மாற்றுக என்று அவர் கூறும்போது அது பேராசை அன்றென்று அறிந்து இசைவோம். கியர்ப்பெட்டி முழுதும் போயிற்றென்று வேறொருவர் கூறும்போது, மூன்று சோதனைகளையும் செய்து காட்டுக என்று கேட்போம். எண்ணெயும் கரியும் படிந்த கையோடு வண்டியின் கீழே கிடப்பவர்க்கு உரிய கூலியையும் மதிப்பையும் அளித்தற்கு, அவர் செய்யும் வேலை இன்னதென்று அறிதலே முதற்படியாகும்.